புழுக்கம் அதிகமானால் சாயங்காலம் இடிமழை வரும் என்கிறார்களே, சென்னையில் இதை நம்பலாமா? நாமே கணிக்க முடியுமா?

பாதிதான் நம்பலாம். காற்றில் நீராவி நிறைய இருக்கிறது என்பதைத்தான் புழுக்கம் சொல்கிறது. சென்னையில் மே, ஜூனில் அது பெரும்பாலான நாட்களில் இருக்கும். மாவு இருக்கிறது என்பதற்காக இட்லி வெந்துவிடாது.

செல்போனில் காலையில் ஈரப்பதம் 85%, மதியம் 55% என்று காட்டும். உடனே காற்று காய்ந்துவிட்டது, மழை கிடையாது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 28 டிகிரியில் 85 சதவீதமும் 36 டிகிரியில் 55 சதவீதமும் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான். சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம் என்பதால் சதவீதம் குறைகிறது. எனவே ஈரப்பதத்தை விட்டுவிட்டு டியூ பாயிண்ட் எனப்படும் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் என்பதே அது. 24, 25 டிகிரி இருந்தால் சரக்கு இருக்கிறது. 20க்குக் கீழே போனால் மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசுகிறது, வெயில்தான் கொளுத்தும்.

அடுத்து, கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பது. பதினோரு மணிக்கே வந்துவிட்டால் ஊர் 35, 36 டிகிரியோடு தப்பிக்கும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகொள்வதால் நகரத்துக்கு மேலே புதிதாக மேகம் கிளம்புவது கடினம். மேற்குக் காற்று ஓங்கி, கடற்காற்று இரண்டு மணிக்கு மேல் வந்தால் கதை வேறு. வெயில் 40ஐத் தொடும். இரண்டு காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில், பல நாட்களில் ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் பக்கம், காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்காது. எல்லோரும் கேலி செய்யும் அந்த ‘வெப்பச்சலனம்’ என்ற சொல்லுக்குள் அடங்கியிருப்பது சூடேறிய தரையும் இந்த முட்டலும்தான்.

மதியம் ஒரு மணியிலிருந்து மொட்டைமாடியில் நின்று மேற்கே பாருங்கள். பஞ்சுத் துண்டு மாதிரி தட்டையாகவே மிதக்கும் மேகங்களால் பயனில்லை. மேலே இருக்கும் வெப்பமான அடுக்கு அவற்றை அமுக்கி வைத்திருக்கிறது. காலிபிளவர் மாதிரி குமிழ் குமிழாக, ஓரங்கள் வெட்டினாற்போல் தெளிவாக எழும்பினால் அது வளர்கிறது. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் உயரம் கூடியிருப்பது கண்ணுக்கே தெரியும். உச்சி கலைந்து நார்நாராகப் பிரிய ஆரம்பித்தால் அங்கே பனித்துகள் உருவாகிவிட்டது, இடிமேகம் தயார்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மிக உயரத்தில் கிழக்குக் காற்று பலமாக வீசும். அதனால் மேகத்தின் உச்சி மேற்குப் பக்கமாகப் பாய் விரித்தாற்போல் இழுபடும். ‘மழை அந்தப் பக்கம் போகுது’ என்று துணியைக் காயப்போடாதீர்கள். மழையைச் சுமக்கும் உடலை நகர்த்துவது சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக் காற்று. அது மேற்கிலிருந்து வீசினால் மேகம் சென்னைக்குத்தான் வருகிறது. காற்று வரைபடம் காட்டும் செயலிகளில் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தை (அந்த உயரத்தின் காற்றழுத்தம் அது) தேர்ந்தெடுத்தால் இது தெரியும்.

பிறகு, மழை எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படம். அதில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்ட மறக்க வேண்டாம். அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். 15 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 30. அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஐந்து மணிக்கு அங்கே இருப்பது ஏழரை மணிவாக்கில் வரலாம். ‘வரலாம்’தான். பாதிவழியிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்குக் குளிர்ந்த காற்றையும் புழுதியையும் மட்டும் அனுப்பும் நாட்களும் உண்டு. மேகத்திலிருந்து கீழே பாயும் அந்தக் குளிர்காற்றே முன்னால் புது மேகத்தைக் கிளப்பிவிட்டால், கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்பே மழை கொட்டும்.

வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் அதிகபட்சம் 25 சதவீதத்தில்தான் மழை பதிவாகும் என்று பொருள். தாம்பரம் நனைந்து அண்ணா நகர் காய்ந்தாலும் கணிப்பு சரிதான். என் கருத்தில், மக்கள் திட்டுவதில் பெரும்பகுதி இந்த ஒரு சொற்றொடர் புரியாததால் வருவது.

வடாம் காயப்போட்டிருந்தால், மேற்கே காலிபிளவர் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். முதல் காற்றிலேயே துணியோடு பறந்துவிடும். டிவி, இணைய ரவுட்டர் இரண்டுக்கும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கேபிளையும் பிடுங்க வேண்டும். அதையும் இடி நெருங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மாடியிலும் மரத்தடியிலும் நிற்கக் கூடாது. மழை விட்டாலும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மாடிக்குப் போகலாம்.