துகள் இயற்பியலை எடுத்தால் உயிரியல் கைவிட்டுப் போகுமா?

போகாது. இரண்டிலும் ஆர்வம் இருப்பதாக நீங்கள் சொல்வதால், இளநிலையில் இயற்பியலையும் கணிதத்தையும் முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கிருந்து உயிரியலுக்குச் செல்வது, உயிரியலிலிருந்து துகள் இயற்பியலுக்கு வருவதைவிட எளிது என்பது என் உறுதியான கருத்து. வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகே உயிரியலுக்கு வந்தார்; உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாடநூல்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதுதான் உங்கள் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் மருத்துவமனையில் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள்: உடலில் செலுத்தப்பட்ட கதிரியக்க ஃபுளூரின்-18 வெளியிடும் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்), அருகிலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது, 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன, அவற்றைப் பதிவுசெய்துதான் புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைக் கண்டறிகிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் பொதுவெளியில் வைத்திருக்கும் துகள் மோதல் தரவுகளை ஒரு வாரம் பைத்தான் நிரல்மொழியில் அலசுங்கள். மறுவாரம் புரதத் தரவு வங்கியிலிருந்து ஹீமோகுளோபினின் அமைப்பை இறக்கி, இரும்பு அணு எங்கே அமர்ந்திருக்கிறது என்று தேடுங்கள். எதை மூடிவைக்க மனம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் துகள் இயற்பியலாளரின் அன்றாடம் பெரும்பாலும் நிரலும் புள்ளியியலுமே. உயிரணுக்களைக் கையால் வளர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், நேரே உயிரியலுக்கே செல்லுங்கள்.