பாட்டி வாங்கித் தந்த பெட்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டிஜேயும் இசைத் தயாரிப்பாளருமான ஜுவான் அட்கின்ஸைப் பற்றி, மின்னணுக் கருவிகளிலேயே செய்கிற ‘அண்டர்கிரவுண்டு’ நடன இசையான டெக்னோவின் முதல் ஆள் அவர்தான் என்று ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்குப் போய் இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பாதி திட்டுதான், பரவாயில்லை. திட்டியவர்களுக்கும் சேர்த்து இந்த முறை முழுப் பகுதியும் அவருக்கே.

கேள்வி: எங்கள் ஊரில் டிஜே என்றால் கல்யாண ரிசப்ஷனில் பாட்டுப் போடுகிறவர். அடுத்தவன் பாட்டை ஓடவிடுகிறவரை எந்தக் கணக்கில் கலைஞர் என்கிறீர்கள்? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அட்கின்ஸும் அங்கேதான் தொடங்கினார் சார். 1980 வாக்கில் டெட்ராய்ட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே குழு சேர்ந்து, இடம் பிடித்து, நோட்டீஸ் அடித்துப் பார்ட்டி நடத்துவார்கள். அந்தப் பார்ட்டிகளுக்கு ‘டீப் ஸ்பேஸ்’ என்ற பெயரில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் ரெக்கார்டு போட்ட கோஷ்டி அட்கின்ஸுடையது. இரண்டு தட்டுகளில் இரண்டு ரெக்கார்டு, நடுவில் ஒரு மிக்ஸர். முதல் பாட்டு முடிவதற்குள் இரண்டாவதை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஆடுகிறவன் கால் நிற்காமல், எங்கே மாறியது என்றே தெரியாமல் மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க இதைச் செய்கிறவனுக்கு எந்தத் தாளத்துக்குக் கூட்டம் எழுந்து வருகிறது, எதற்குத் தண்ணீர் குடிக்கப் போகிறது என்று இசைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். அந்தக் கணக்கு கையில் இருக்கிறவன் சொந்தமாகப் பாட்டுச் செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அட்கின்ஸின் கதை.

உட்கார வைத்தது அவருடைய பாட்டி. 1962-ல் பிறந்த பையன், அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், டெட்ராய்ட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல் தள்ளி இருக்கிற பெல்வில் என்ற சின்ன ஊருக்குக் குடி மாறியாயிற்று. பாட்டிக்கு ஹாமண்ட் ஆர்கன் வாசிக்கும் பழக்கம். அவர் இசைக் கருவிக் கடைக்குப் போகும்போது கூடவே போன பேரன், கடையின் பின்பக்கம் இருந்த, மின்னணுவால் ஓசை உண்டாக்கும் சிந்தசைஸர்களை நோண்டிக்கொண்டிருந்தான். பார்த்த பாட்டி ஒரு கோர்க் எம்.எஸ். 10 வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வரும் கருவி அது. அதிலேயே டிரம் ஓசையையும் உண்டாக்கி, கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றி மாற்றி, மேலே மேலே அடுக்கி முழுப் பாட்டும் செய்தான் பையன். கலைஞர் என்ற சொல் பிடிக்கவில்லை என்றால் கைவினைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: டெட்ராய்ட் கார் கம்பெனிகளின் இயந்திரச் சத்தம்தான் டெக்னோ ஆனது என்று படித்தேன். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தொழிற்சாலைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் டெக்னோ செய்திருந்தால் கோயம்புத்தூர் இந்நேரம் எங்கேயோ போயிருக்கும். அதே டெட்ராய்ட் கார் ஊரிலிருந்துதான் இருபது வருடம் முன்னால் மோடவுன் என்ற ரெக்கார்டு கம்பெனியின் இசை வந்தது. அது எவ்வளவு இனிமையான, குரல் நிறைந்த இசை! அட்கின்ஸ் சொன்ன ஒப்பீடு வேறு: மோடவுன் கம்பெனியை நடத்திய பெரி கார்டி, ஃபோர்டு ஆலையின் அசெம்பிளி லைன் மாதிரி பாட்டுகளைச் செய்தார், இப்போது அந்த ஆலைகளில் ரோபோவும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன, எனக்கு அந்த ரோபோக்கள் மேல்தான் ஆர்வம் என்கிற மாதிரி. அதாவது சத்தம் அல்ல, சத்தம் போட்ட ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய இயந்திரம். 1950-ல் டெட்ராய்ட்டில் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள். 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம். வேலை போனது, வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குப் போயின, நகரத்தின் நடுவே பெரிய பெரிய கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. அங்கே மிஞ்சிய கறுப்பினப் பிள்ளைகள் பழையதை நினைத்து அழுவதை விட்டுவிட்டு விண்கலம், எதிர்காலம் என்று பாட்டுச் செய்தார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும், அவர் இல்லாமல் இந்தக் கதை நகராது. எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்று ஒரு ரேடியோ அறிவிப்பாளர். முகத்தைக் காட்டவே மாட்டார். ராத்திரி நிகழ்ச்சியில் ஒரு விண்கலம் தரை இறங்குகிற சத்தத்தோடு வருவார். நேயர்களை வீட்டு வாசல் விளக்கைப் போட்டு அணைக்கச் சொல்வார், காரில் இருந்தால் ஹாரன் அடிக்கச் சொல்வார், ஊரும் செய்யும். கறுப்பர்களுக்கு ஒரு ஸ்டேஷன், வெள்ளையர்களுக்கு ஒரு ஸ்டேஷன் என்று அமெரிக்க ரேடியோ பிரிந்து கிடந்த காலத்தில் ஜெர்மனியின் மின்னணு இசைக் குழு கிராஃப்ட்வெர்க், ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் என்ற கறுப்பின நடன இசை, பாடகர் பிரின்ஸ் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கலந்து போட்டவர். அட்கின்ஸின் காது அங்கே உருவானது.

கேள்வி: டெக்னோ என்ற பெயரை யார் வைத்தது?

பதில்: அட்கின்ஸ்தான், ஆனால் பெயர்சூட்டு விழா இங்கிலாந்தில் நடந்தது. ஆல்வின் டாஃப்லர் என்ற எதிர்காலவியல் எழுத்தாளரின் புத்தகத்தில் ‘டெக்னோ ரெபல்ஸ்’ என்றொரு சொற்றொடர் வரும். அதில் பையனுக்கு மயக்கம். 1984-லேயே ‘டெக்னோ சிட்டி’ என்று ஒரு பாட்டு வெளியிட்டுவிட்டார். 1988-ல் நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் டெட்ராய்ட் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் போடக் கிளம்பினார். அப்போது சிகாகோவின் ஹவுஸ் என்ற நடன இசைக்கு லண்டனில் நல்ல கிராக்கி, அதனால் ‘டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை’ என்கிற மாதிரித்தான் தலைப்பு யோசித்திருந்தார்கள். அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் பெயர் ‘டெக்னோ மியூசிக்’. தலைப்பு மாறிவிட்டது.

கேள்வி: அண்டர்கிரவுண்டு என்கிறீர்களே, அதென்ன கள்ளச் சரக்கா? போதை, இருட்டு, போலீஸ் ரெய்டு எல்லாம் இருக்குமே? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, டெட்ராய்ட்டில் 1988-ல் தொடங்கி அடுத்த ஆண்டு நவம்பரிலேயே மூடிவிட்ட ‘மியூசிக் இன்ஸ்டிட்யூட்’ என்ற இடத்தைத்தான் டெக்னோவின் கோயில் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். இருட்டு இருந்தது, உண்மை. ஆனால் அங்கே மது கிடையாது, ஜூஸ் விற்றார்கள். அட்கின்ஸோடு பெல்வில் பள்ளியில் படித்த டெரிக் மே வெள்ளிக்கிழமைகளில் அங்கே ரெக்கார்டு போட்டார். மற்ற ஊர்களில், பின்னால் இங்கிலாந்தின் ரேவ் பார்ட்டிகளில் போதை மாத்திரை புகுந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அண்டர்கிரவுண்டு என்ற சொல்லுக்கு இந்த ஆட்களிடம் அர்த்தம் வேறு. ரெக்கார்டு யாருடையது? அதுதான் கேள்வி.

1981-ல் அட்கின்ஸும், சமுதாயக் கல்லூரியில் அவருக்குப் பழக்கமான ரிக் டேவிஸும் (இவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்) சைபோட்ரான் என்ற பெயரில் முதல் ரெக்கார்டு போட்டார்கள். எந்தக் கம்பெனியின் கதவையும் தட்டவில்லை, ‘டீப் ஸ்பேஸ்’ என்றே சொந்த லேபிள், அதாவது சொந்த ரெக்கார்டு கம்பெனி. மோஜோ ரேடியோவில் போட்டார். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்திலேயே 15,000 பிரதி போனது என்பார்கள். அப்புறம் ஒரு பெரிய கம்பெனி வந்தது, 1983-ல் ஆல்பமும் வந்தது; ஆனால் டேவிஸுக்கு ராக் பக்கம் போக ஆசை, அட்கின்ஸுக்கு நடனத் தளம்தான் முக்கியம். பிரிந்துவிட்டார்கள். 1985-ல் அட்கின்ஸ் மெட்ரோபிளெக்ஸ் என்று தனி லேபிள் தொடங்கி, ‘மாடல் 500’ என்ற புனைபெயரில் முதல் ரெக்கார்டைக் கொண்டுவந்தார். பெயரைப் பாருங்கள், மிக்ஸி மாடல் மாதிரி இருக்கிறதா? வேண்டுமென்றே வைத்தது. கேட்கிறவனுக்கு இது கறுப்பனா வெள்ளையனா என்று தெரியக் கூடாது.

அவர் காட்டிய வழியில் டெரிக் மே ஒரு லேபிள், இன்னொரு பள்ளித் தோழர் கெவின் சாண்டர்சன் ஒரு லேபிள் என்று தொடங்க, ஈஸ்டர்ன் மார்க்கெட் என்ற காய்கறிச் சந்தைப் பக்கம் மூவரும் பக்கத்துப் பக்கத்திலேயே இடம் பிடித்தார்கள். பாட்டுச் செய்வது வீட்டில். ரான் மர்ஃபி என்ற பெரியவர் அதைத் தகட்டில் வெட்டிக் கொடுப்பார். ஊரிலேயே 1965 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்ச்சர் என்ற குடும்ப ஆலையில் அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம். இந்த ரான் மர்ஃபி பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்: உள்ளேயிருந்து வெளியே ஓடுகிற தகடு, ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டு முடிவே இல்லாமல் ஓடுகிற வரிப்பள்ளம் என்று வித்தை காட்டியவர், பாட்டு முடிந்த பிறகு தகட்டின் நடுக் காகிதத்தை ஒட்டி வரும் காலி வளையத்தில் கையாலேயே சங்கேத வாசகங்களைக் கீறி வைப்பார்.

அடுத்த தலைமுறை இன்னும் கறார். 1990 வாக்கில் மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் தொடங்கிய ‘அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ்’ குழுவினர் முகமூடியோடுதான் மேடை ஏறுவார்கள். பத்து வருடம் கழித்து அவர்களுடைய ‘ஜாகுவார்’ பாட்டைச் சோனியின் ஜெர்மன் கிளை கேட்டது, இவர்கள் மறுத்தார்கள். அங்கே வேறு ஆட்களை வைத்து அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று செய்துவிட்டார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் மின்னஞ்சல் அனுப்பி அனுப்பியே சோனியைப் பின்வாங்க வைத்தார்கள். தஞ்சாவூர் அம்மா, அண்டர்கிரவுண்டு இதுதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆள் என்றால் அமெரிக்காவில் ஏன் பெயர் இல்லை?

பதில்: குரல் இல்லை, முகம் இல்லை, மூன்று நிமிடத்தில் முடிவதும் இல்லை. அமெரிக்க ரேடியோவுக்கு இது எதுவும் ஆகாது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் தூக்கிக்கொண்டன. பெர்லின் சுவர் விழுந்த பிறகு 1991-ல், கிழக்குப் பக்கம் பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் பெட்டகக் கிடங்கில் ட்ரெசார் என்ற கிளப் திறந்தார்கள். டெட்ராய்ட்காரர்களுக்கு அது விருந்துக்குப் போகிற மாமியார் வீடு மாதிரி ஆகிவிட்டது. சொந்த ஊர் கண் திறக்க 2000 ஆனது. ஆற்றங்கரையில் ஹார்ட் பிளாசா என்ற திறந்தவெளியில், இலவசமாக, மூன்று நாள் விழா. அந்த விழா வேறு பெயரில் இப்போதும் நடக்கிறது, ஆனால் டிக்கெட் உண்டு.

பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள் என்பதும் உண்டு. 2005-ல் அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் ‘லூஸ் கன்ட்ரோல்’ ஊரையே கலக்கியதே, அதன் அடியில் ஓடுவது சைபோட்ரானின் 1983 பாட்டு.

கேள்வி: இதையெல்லாம் நம் பம்பாய்க்காரர் முன்னாலேயே செய்துவிட்டார் என்று ஒரு வீடியோ பார்த்தேனே? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சரண்ஜித் சிங்கைச் சொல்கிறீர்கள் தம்பி. இந்திப் படங்களுக்கு வாசித்தவர். 1982-ல் ரோலண்டின் 808 டிரம் இயந்திரம், அடி ஓசை தரும் 303 பேஸ் பெட்டி, ஜுபிடர் 8 சிந்தசைஸர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எல்.பி. போட்டார். சிகாகோ பையன்கள் அதே 303-ஐத் திருகி ‘ஆசிட்’ ஓசையை ரெக்கார்டில் கொண்டுவந்தது 1987-ல். கேட்டால் தூக்கிவாரிப் போடும், அவ்வளவு ஒற்றுமை. ஆனால் அந்த எல்.பி. அப்போது விலைபோகவில்லை, சிகாகோவுக்கும் போகவில்லை; 2010-ல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ‘முன்னாலேயே செய்தார்’ சரி. ‘அவரைப் பார்த்துச் செய்தார்கள்’ தப்பு. அட்கின்ஸ் அதற்கும் ஒரு வருடம் முன்னாலேயே ரெக்கார்டு போட்டுவிட்டார் என்பதையும் வீடியோக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னதை நம்பிக் கேட்டேன். டிக் டிக் என்று ஒரே மாதிரி ஓடுகிறது. தலைவலி.

பதில்: போனின் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். பேஸே வராது, மிஞ்சுவது டிக் டிக்தான். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பஸ்ஸில் ஹெட்போனோடு 1995-ல் வந்த அட்கின்ஸின் ‘டீப் ஸ்பேஸ்’ ஆல்பத்தைக் கேட்டபோதுதான் பிடிபட்டது: ஒரே மாதிரி ஓடவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று, ஒரு நூல் அளவுக்கு, நகர்கிறது. தவில்காரர் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வாசிக்கும்போது நாம் சலித்துக்கொள்கிறோமா? அப்படியும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகன் பி.இ. முடித்துவிட்டு லேப்டாப்பில் இதே மாதிரி டொம் டொம் என்று செய்துகொண்டிருக்கிறான். உங்கள் கட்டுரையை வேறு வெட்டி சுவரில் ஒட்டிவிட்டான். அந்த அட்கின்ஸ் இதில் சம்பாதித்தாரா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: ஐயா, முதலில் மன்னியுங்கள். கோடீஸ்வரர் ஆகவில்லை. பள்ளித் தோழர் சாண்டர்சன், பாடகியை வைத்துப் பாட்டுப் போட்டு 1988-ல் இங்கிலாந்து ஹிட் வரிசையில் முதல் பத்துக்குள் வந்தார், காசும் பார்த்தார். அட்கின்ஸுக்கு அந்த மாதிரி ஒரு பாட்டு அமையவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கும் மேலாக இதே வேலை, ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார், லேபிள் அவருடையது. இது சம்பாத்தியமா இல்லையா என்று நான் சொன்னால் உங்கள் வீட்டில் சண்டை வரும்.

பையன் செய்தது எதையாவது கல்யாண மண்டபத்திலோ காலேஜ் விழாவிலோ நாலு பேர் ஆடுகிற இடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். சுவரில் ஒட்டுவதை விட அது உதவும். அவனுக்குப் பாட்டி இருந்தால் அவரையும் ஒரு நாள் உட்கார வைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதமும் எனக்குத்தான் வரும்.