காய்ச்சி வடித்த நீர் மைனஸ் 12-இலேயே உறைவது ஏன்?

கேள்வி: மேகத்தில் பனித்துகள் உருவாக வித்திடும் பனிக்கருக்களை மழைநீரில் எண்ண முயல்கிறோம். மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தட்டின் மேல் கண்ணாடி ஸ்லைடு, அதில் 1 மைக்ரோலிட்டர் அளவில் 50 துளிகள். ஆனால் காய்ச்சி வடித்த நீரே மைனஸ் 12 டிகிரியில் உறைந்துவிடுகிறது. எங்கே பிழை?

பதில்: ஸ்லைடிலோ நீரிலோ அழுக்கு இருக்கிறது. மேகத்தின் நுண்துளி சுத்தமாக இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 38 வரை உறையாமல் தாங்கும். உங்கள் துளி அதைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரிது. தூசி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். ஆனாலும் மைனஸ் 20-ஐத் தாண்ட வேண்டும்.

அலுமினியத் தாளில் மெல்லிதாக வாசலின் பூசி, அதே நீரைச் சொட்டிப் பாருங்கள். உறையும் வெப்பநிலை நன்றாக இறங்கினால் குற்றவாளி ஸ்லைடு: கீறல், கைரேகை, துடைத்த டிஷ்யூவின் நார். கழுவியபின் துடைக்காமல் காற்றடித்து உலர்த்துங்கள். இறங்காவிட்டால் நீரைச் சந்தேகியுங்கள். பிளாஸ்டிக் கேனில் வாரக்கணக்கில் கிடந்த நீரில் பாக்டீரியா வளரும். சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்றவற்றின் புரதம் மைனஸ் 2-இலேயே நீரை உறைய வைக்கும். மூடிய குப்பியில் 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி உறைய வையுங்கள். இப்போது தாமதமாக உறைந்தால் புரதம்தான் காரணம். புதிய நீரை 0.1 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் உற்றுப் பாருங்கள். ஒரு துளி உறைந்ததும் அதைச் சுற்றி வெண்படலம் படர்ந்து, பக்கத்துத் துளியைத் தொட்ட கணமே அதுவும் வெளுத்துவிடுகிறதா? அப்படி உறைந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உறையாத நீரின் ஆவியழுத்தம் பனிக்கட்டியின் ஆவியழுத்தத்தைவிட அதிகம். அதனால் துளி ஆவியாகி, பனி வளர்கிறது. மேகத்துக்குள் பனித்துகள் பெருப்பதும் இதே வழியில்தான். உலர் நைட்ரஜனை மெதுவாகப் பாய்ச்சினால் படலம் படராது; துளிகளுக்கு இடையே தாராளமாக இடமும் விடுங்கள்.

நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வியுங்கள். உறைந்த துளிகளை அதைவிட மெதுவாகச் சூடாக்கும்போது 0 டிகிரியில் உருக வேண்டும். மைனஸ் 1.5 என்று காட்டினால் உணரியில்தான் பிழை, அந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கணக்கில் பலர் சறுக்குவார்கள். 50-இல் 45 உறைந்தால் மைக்ரோலிட்டருக்கு 0.9 கரு என்று எழுதாதீர்கள். ஒரே துளிக்குள் மூன்று கரு இருந்தாலும் அது ஒரு முறைதான் உறையும். வளிமண்டல அறிவியலாளர் காபோர் வாலி (Gabor Vali) 1971-இல் தந்த முறைப்படி, உறையாத பங்கின் இயல் மடக்கையை எதிர்க்குறியிட்டுத் துளியின் கன அளவால் வகுக்க வேண்டும்: இங்கே உறையாத பங்கு 0.1, விடை மைக்ரோலிட்டருக்கு 2.3 கரு. மழைநீரில் சுத்த நீர் கலந்து நீர்த்திருந்தால் அத்தனை மடங்கு பெருக்குங்கள். வெறும் நீருக்கும் இப்படியே கண்டு, நீர்த்தலுக்குப் பெருக்கும் முன்பே, அதே வெப்பநிலையில் கழியுங்கள். உறைந்த துளிகளின் எண்ணிக்கையை நேரடியாகக் கழித்தால் விடை தவறும்.