எக்ஸ்ரேயில் சிக்காத கணுக்கால் வலி

கேள்வி: காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு வயது 19. பல மாதமாக வலது கணுக்காலில் வலி. ராத்திரியில் தூங்க விடுவதில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். சுளுக்கும் எடுத்தாயிற்று. என்ன செய்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் சுளுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டதும் நன்றாக அடங்குகிறதா? அப்படியானால் ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்ற சிறு எலும்புக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். இது புற்றுநோய் அல்ல, பரவாது.

கட்டியின் கரு, அதாவது மையப் பகுதி, பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள்தான் இருக்கும். தொடை, கெண்டைக்கால் எலும்புகளில் வந்தால் சுற்றிலும் எலும்பு தடித்து எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுத்துவிடும். கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் டாலஸ் எலும்பில் அந்தத் தடிப்பு அதிகம் வராது. பதிலாக மூட்டில் நீர் கோத்து வீங்கும். மூட்டுவாதம், எலும்புக் காசநோய் என்று நோய்க் கணிப்பு தடம் மாறுவது இதனால்தான். எம்.ஆர்.ஐ.யிலும் எலும்பு முழுக்க நீர்க்கோவை தெரிந்து கரு மறைந்துபோகலாம். 1 மி.மீ. இடைவெளியில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் காட்டலாம்.

உறுதியானால், மயக்க மருந்து கொடுத்து, சி.டி. பார்த்தபடி ஊசியைக் கருவுக்குள் செலுத்தி, சுமார் 90 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சுடுவார்கள். சுடுவதற்கு முன் பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனைக்குத் துணுக்கு எடுப்பது நல்லது. தோலோ நரம்போ 1 செ.மீ.க்குள் இருந்தால் சூடு அவற்றையும் பாதிக்கும்; அங்கே சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சையே பாதுகாப்பு. கருவில் கொஞ்சம் மிஞ்சினாலும் வலி திரும்பும்.

அதுவரை வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.