ஊரில் வீடு வீடாகப் போய் ஆலோசனை சொன்னால் மக்கள் மாறுவார்களா?

கேட்ட நீங்கள் சமூகப்பணி படிக்கும் மாணவி என்று நினைக்கிறேன். தண்ணீராலும் சுற்றுச்சூழலாலும் வரும் நோய்களைக் குழுக் கவுன்சலிங் மூலம் தடுக்க முடியுமா, அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், "படிக்காத ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். பல்லைப் பார்த்தே எங்கள் ஊரைச் சொல்லிவிடுவார்கள். முன்பல்லில் காவி பூசினாற்போல் கறை. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. வெற்றிலை போடுவாயா, பல் விளக்க மாட்டாயா என்று கேட்காதவர்கள் குறைவு. இரண்டும் இல்லை, ஃப்ளோரைடு. பாறையிலிருந்து கரைந்து போர்த் தண்ணீரில் வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்ன வயதில், பல் உள்ளே உருவாகும்போதே ஏறிவிடும் கறை இது. அப்புறம் எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. வருஷக்கணக்காகக் குடித்தால் முதுகும் முட்டியும் இறுகிப்போகும்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். தண்ணீர் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மகளிர் குழுவில் இருந்ததால் வீடு வீடாகப் போய்ப் பேசும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. இரண்டு நாள் பயிற்சி, கையில் ஒரு பட அட்டை.

முதல் மாதம் எந்த வீட்டில் கேட்டாலும் "ஒகேனக்கல் தண்ணிதான் குடிக்கிறோம்" என்றார்கள். நோட்டில் டிக் போட்டுக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் டீ கொடுக்க உள்ளே கூப்பிட்டபோதுதான் பார்த்தேன்: உலை வைத்திருந்தது போர்த் தண்ணீரில். பருப்பும் அதில்தான். "குழாய்த் தண்ணியில மருந்து வாடைக்கா, குழம்பே கெட்டுப்போவுது." அது குளோரின் வாடை. குடத்து வாயில் வெறும் துணியை மட்டும் கட்டி ராத்திரி வைத்தால் காலையில் பெரும்பாலும் போய்விடும். இது அட்டையில் இல்லை. உலையில் சோறு உறிஞ்சிக்கொள்கிற தண்ணீரும் கணக்கில் வராதா என்று அட்டை போட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

என்னைத் திருத்தியது எதிர் வீட்டுப் பெரியம்மா. பேரனுக்குப் போர்த் தண்ணீரையே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்றேன். "நீதானேடி சொன்ன, காய்ச்சிக் குடிங்கன்னு?" உண்மைதான். அதற்கு முந்தின வருஷம் ஊரில் வயிற்றுப்போக்கு வந்தபோது தெருத்தெருவாகச் சொன்னவள் நான்தான். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். அட்டையைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, தெரியவில்லை என்றுவிட்டார்.

மறுநாள் அவர் அடுப்பிலேயே ஒரு சொம்பு தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டுப் பாதியாகச் சுண்ட வைத்தேன். ஆறினதும் வாயில் வைக்கச் சொன்னேன். "தூ, கரிக்குதுடி" என்று துப்பினார். "காய்ச்சினதுல உப்பு போச்சா பெரியம்மா?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனுக்கு ஆற்றி வைத்திருந்த தண்ணீரை எடுத்துப்போய் முருங்கைக்கு ஊற்றினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் படித்த கவுன்சலர் இல்லை, சொல்லிவிடுகிறேன். 'தண்ணீர் வடிகட்டும் ஆர்.ஓ. மிஷின் போட்டால் போச்சு' என்று யாராவது வருவீர்கள். ஆர்.ஓ. ஃப்ளோரைடை எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கழித்து விடும் தண்ணீர் எவ்வளவு? ஆயிரம் அடி தோண்டியும் பல போரில் தண்ணீர் பார்க்காத ஊரில் அதை எங்கே போய்ச் சொல்வது? மழைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அனேகமாகக் கிடையாது. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் பற்றிப் பேசினால்தான் யாரும் காது கொடுப்பதில்லை. அதில் நானும் தோற்றுத்தான் இருக்கிறேன்.

      

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஊருக்குப் போனால் கேள்வித்தாளைப் பைக்குள்ளேயே வையுங்கள். திண்ணையில் பேசிவிட்டு எழுந்துவிடாமல் அடுப்படி வரை போங்கள். எந்தக் குடத்திலிருந்து மொண்டு உலை வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெரியம்மா பேரனுக்கு அப்போது இரண்டு வயது. இப்போது முன்பல் வெள்ளையாக இருக்கிறது. ஓரத்தில் லேசாக ஒரு சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். அவன் அக்காவுக்கு அப்போதே எட்டு வயது. அவளும் என்னைப் போல் கையால் மறைத்துத்தான் சிரிக்கிறாள்.