வேட்டைக்கும் கேம்பிங்குக்கும் 100 டாலருக்குள் நல்ல பெரிய கத்தி எது?

நீங்கள் கேட்டிருப்பது: ஒன்டாரியோவில் வரும் நவம்பரில் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறீர்கள். கோடையில் குடும்பத்தோடு கேம்பிங்கும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது, பத்து அங்குலத்தில் மடங்காத கத்தி ஒன்று, 100 கனடிய டாலருக்குள் வேண்டும்.

நானும் ஒன்பது அங்குலத்தில்தான் ஆரம்பித்தேன். அதனால் கத்தியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஒன்பது அங்குலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி பக்கத்தில்தான். சின்ன வயதில் தாய்மாமாவோடு பட்டறைக்குப் போவேன். அரிவாள் வேண்டும் என்றால் அங்கே முதல் கேள்வி, "எதுக்கு?" சீமைக்கருவேலம் வெட்டவா, தென்னையில் மட்டை கழிக்கவா, ஆட்டுக்கறி வெட்டவா? பதிலைப் பொறுத்துத்தான் கனம், வளைவு, மூக்கு எல்லாம் முடிவாகும். எவ்வளவு நீளம் என்று அவர்கள் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. கனடாவுக்கு வந்து கத்தி வாங்கும்போது அந்த "எதுக்கு?" என்ற கேள்வியை மறந்துவிட்டேன். நீங்கள் மறக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மான் விழுந்ததும் முதல் வேலை குடலை எடுப்பது. உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கினால்தான் கறி கெடாது. வயிற்றுத் தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இடக்கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கு நடுவே கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி நெஞ்செலும்பு வரை கிழித்துக்கொண்டே போக வேண்டும். நுனி கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் இரைப்பை கிழிந்துவிடும். மூத்திரப்பை கிழிந்தால் தொடைக்கறி வீண். அதன்பிறகு உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து, முழங்கை வரை மார்புக்கூட்டுக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவிப் பார்த்தே மூச்சுக்குழாயை அறுக்க வேண்டும். உள்ளே வெதுவெதுப்பான ரத்தம், வெளியே விரல் விறைக்கும் குளிர். இந்த நிலையில் கையில் ஒன்பது அங்குலம் இருந்தால் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படி ஒன்பது அங்குலத்தோடு நான் ஒரு மானை அறுத்த அன்றைய தழும்பு என் இடக்கைச் சுட்டுவிரலில் இன்னும் இருக்கிறது. எங்கள் குழுவில் மூத்தவர் என் கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் இடுப்பிலிருந்த மூன்றரை அங்குலக் கத்தியால் கால்மணி நேரத்தில் அந்த மானைச் சுத்தம் செய்து முடித்தார்.

ஆகவே என் பதில் இதுதான். மானுக்குச் சின்னக் கத்தி, விறகுக்குப் பெரிய கத்தி. ஒரே கத்தியில் இரண்டையும் தேடாதீர்கள். உங்கள் 100 டாலரை இரண்டாகப் பிரியுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்கள் பெரிய கத்தியை விறகுக்கும் கிளைக்கும் வைத்துக்கொள்வார்கள். பின்லாந்தில் அதற்கு லெவுக்கு என்று பெயர். நுண்ணிய வேலைக்குப் பூக்கோ என்ற சின்னக் கத்தி தனியாக இருக்கும். நேபாளத்துக் குக்ரியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு சின்னச் செருகல் இருக்கும். ஒன்று கர்தா, சில்லறை அறுப்பு வேலைக்கு. இன்னொன்று சக்மக், கூரில்லாதது. குக்ரியின் வாயைத் தீட்டவும், கல்லில் தட்டிப் பொறி எடுக்கவும் அது. பெரிய கத்தியைப் பிறந்ததிலிருந்து கையாளும் மக்களே பக்கத்தில் சின்னக் கத்தியை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சின்னக் கத்தியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சுவீடனின் மோரா கத்திகளில் கம்பேனியன் என்ற வகையை வாங்குங்கள். நாலு அங்குலத்துக்குச் சற்று மேல், கனம் இரண்டரை மில்லிமீட்டர், துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் உறை. நான் வாங்கியபோது முப்பது டாலரைத் தொடவில்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பிடியில் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒன்டாரியோவில் துப்பாக்கிப் பருவத்தில் தலைக்குத் தொப்பியும், இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஆரஞ்சு உடுப்பும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது இல்லையா, கண்ணில் படுவதற்காக? காய்ந்த சருகில் வைத்த கத்திக்கும் அதே நியாயம்தான். கறுப்புப் பிடிக் கத்தியை இருட்டில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்.

இனி பெரிய கத்தி. இங்கே காட்டில் அதன் முக்கிய வேலை வெட்டுவதில்லை, பிளப்பது. நாள்முழுக்க மழை பெய்தாலும், நின்றபடியே பட்டுப்போன மரத்தின் உள்வைரம் பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும். அதை வெளியே கொண்டுவந்தால்தான் அடுப்பு பற்றும். கட்டையை நிறுத்தி, மேலே கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்க வேண்டும். பேட்டனிங் என்பார்கள். மூன்று அங்குலக் கட்டையைப் பிளக்க ஆறு அங்குலக் கத்தி போதும். அடிப்பதற்கு நுனிப்பக்கம் மூன்று அங்குலம் வெளியே நீண்டிருக்கும். ஏழு அங்குலம் இருந்தால் இன்னும் வசதி. ஒன்பது அங்குலம் ஓங்கி வெட்டுவதற்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குறுக்கே துண்டு போடும் வேலையை ஒரு மடக்கு ரம்பம் பாதி வியர்வையில் முடித்துவிடும். பனிக்குளிரில் வியர்த்து உடுப்பு நனைவது விளையாட்டில்லை. பணம் மிச்சமிருந்தால் ஒன்பது அங்குலத்தில் போடாமல் ரம்பத்தில் போடுங்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிடிக்குள் என்ன இருக்கிறது என்பதை. என் விரலை அறுத்த அந்த ஒன்பது அங்குலக் கத்திக்கு முதுகில் ரம்பப்பல்லும், பிடிக்குள் தூண்டில்முள், தீக்குச்சி வைக்கக் குழலும் இருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த கோடையில் மேப்பிள் கட்டை ஒன்றைப் பிளக்கும்போது நாலாவது அடியில் பிடியோரம் ஒடிந்து, அலகு என் முழங்காலை உரசிக்கொண்டு போய் விழுந்தது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். குழல்பிடிக்குள் அலகின் எஃகு ஒரு கட்டைவிரல் நீளம்தான் போயிருந்தது. ஆகவே எஃகு பிடியின் அடி வரை ஓடுகிறதா என்று கேளுங்கள். அகலம் குறையாமலே ஓடினால் அதை ஃபுல் டாங் என்பார்கள், பேட்டனிங்குக்கு அதுதான் உத்தமம். பிடிக்குள் காம்பு மாதிரி ஒடுங்கி ஓடும் எஃகு எல்லாமே மோசம் என்றும் இல்லை. 1942-இல் அமெரிக்க மரைன் படைக்கு வந்த கேபார் கத்தியில் தோல் வளையங்களுக்குள் ஒடுங்கிய காம்புதான் ஓடுகிறது. ஆனால் அது அடி வரை போய்ப் பின்பூணில் பூட்டியிருக்கிறது, இன்றும் உழைக்கிறது. முதுகில் ரம்பப்பல் மட்டும் வேண்டவே வேண்டாம். அடிக்கும் கட்டையைத் தின்னும், ரம்பமாகவும் அறுக்காது.

எஃகு விஷயத்தில் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 1095, 1075 சாதாரணக் கரிம எஃகு, 5160-இல் கொஞ்சம் குரோமியமும் சேர்ந்திருக்கும். மூன்றுமே துருப்பிடிக்கும், ஆனால் அடி தாங்கும், கல்லில் சுலபமாகக் கூராகும். 1095 என்றால் கரிமம் சுமார் 0.95 சதவீதம். 5160 அமெரிக்காவில் வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைக்குப் போகும் எஃகு. நம்மூர்க் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பதும் இதே குணத்துக்காகத்தான். எண்ணைவிடத் துவைச்சல், அதாவது எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் விதம், முக்கியம். பழுக்கக் காய்ச்சி எப்போது முக்கினார்கள், மறுபடி எவ்வளவு சூட்டில் பதம் இறக்கினார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பக் நிறுவனத்தின் 119 கத்தியில் இருக்கும் 420எச்சி எஃகு காகிதத்தில் பார்த்தால் சுமார்தான், கரிமம் அரை சதவீதத்துக்கும் குறைவு. துவைச்சல் சரியாக இருப்பதால் வேட்டைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அதை நம்பி வாங்குகிறார்கள். வெறுமனே "சர்ஜிகல் ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதி, எஃகின் பெயரைச் சொல்லாத பெரிய கத்தியைத் தொடாதீர்கள்.

கனம் நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். ஆறைத் தாண்டினால் பிளக்கும், ஆனால் ஒரு வெங்காயம்கூட நறுக்க முடியாமல் இரண்டாக உடைக்கும். பிடியைக் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். விரல் முன்னால் வழுக்கி வாய்க்குப் போகாமல் தடுக்க ஒரு மேடு இருக்க வேண்டும்.

பெயர் கேட்டீர்கள். உங்கள் தொகையை ஒட்டி, மோராவோடு சேர்த்து வாங்க என்றால் கோல்ட் ஸ்டீல் எஸ்ஆர்கே, எஸ்கே-5 எஃகில் வருவது. ஆறு அங்குலம், கனம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஈரக்கையிலும் வழுக்காத பிடி. எல் சால்வடோரில் செய்யும் காண்டோர் கத்திகளும் விலைக்கு மிக நல்லவை, 1075 எஃகு. தள்ளுபடியில் கிடைத்து இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் கேபார் பெக்கர் பிகே7, ஏழு அங்குலம். நான் இப்போது வைத்திருப்பது அதுதான், என் பிள்ளைக்குக் கொடுக்கும் வரை மாற்ற மாட்டேன். ஷ்ரேட் என்ற பெயரைப் பார்த்துப் பழைய அமெரிக்கச் சரக்கு என்று எண்ண வேண்டாம். அந்த ஆலை 2004-இல் மூடிவிட்டது, பிறகு பெயர் மட்டும் கைமாறியது. ஒன்டாரியோ நைஃப் கம்பெனி என்பதும் நம் ஒன்டாரியோ இல்லை. அது நியூயார்க் மாநிலத்தில் 1889-இல் தொடங்கியது, 2023-இல் அதுவும் கைமாறியது. பழைய இருப்பை ஏற்றிய விலையில் விற்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒரே ஒரு கத்திதான் வாங்குவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் பக் 119. ஆறு அங்குலம், கறிக்கு நன்றாக வரும், மெல்லிய விறகையும் சமாளிக்கும், மரத்தை அடித்துப் பிளக்க மட்டும் வேண்டாம்.

கரிம எஃகு கறுக்கும், பயப்படாதீர்கள். வாழைப்பூ நறுக்கி நறுக்கி வீட்டு அரிவாள்மனை கறுத்துப்போகிறது அல்லவா, அந்தக் கறுப்பு செந்துருவைத் தள்ளிவைக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் ஆயிலை லேசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் இங்கத்திய குளிரில் உறைந்து உறையில் ஒட்டிக்கொள்ளும். தோலுறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் புள்ளி புள்ளியாகத் துரு விழும். தீட்டுவதற்கு இருபக்கக் கல் ஒன்றும், கடைசியில் இழுக்கப் பழைய தோல்பெல்ட்டும் போதும்.

கனடாவில் இப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் ஆயுதத்தை உடம்பில் மறைத்து எடுத்துப்போவது குற்றமாகும். போகவர உறையிலிட்டு வண்டியின் டிக்கியில் வையுங்கள். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே 1972-ஆம் வருடச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டைக்கே இடமில்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்படாத கத்தி ஆயுதச் சட்டத்துக்குள் வரும். கேம்பிங்குக்கு என்றால் ஆறு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு கத்தியும் வந்ததும் கசாப்புக்கடையில் ஒரு முழு ஆட்டுத்தொடை வாங்கி, மோராவால் எலும்பை எடுத்துப் பாருங்கள். வெறுங்கையால் ஒருமுறை, ஈரக் கையுறையோடு ஒருமுறை. பெரியதை வைத்து வீட்டுக் கொல்லையில் பத்துக் கட்டை பிளந்துவிடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு.