ஒரு பொட்டு ரத்தமும் கருப்பையின் நுண்ணுயிர்களும்

கேள்வி: எனக்கு வயது 57. மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் இரண்டு நாட்கள் உள்ளாடையில் லேசாக ரத்தக் கறை பட்டது. பிறகு தானாக நின்றுவிட்டது. “உடம்புச் சூடுதான், வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள்” என்றார் என் நாத்தனார். கருப்பைப் புற்றுநோய்க்கும் பாக்டீரியாக்களுக்கும் தொடர்பு உண்டு என்று அண்மையில் படித்தேன். அப்படியானால் நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: மாத்திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தக் கறையைப் பற்றிப் பேச வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு படுகிற ரத்தம், அது ஒரு பொட்டாக இருந்தாலும், தானாகவே நின்றுவிட்டாலும், சூடு என்று ஒதுக்கத் தக்கதல்ல. இப்படி ரத்தம் படும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சவ்வு மெலிந்து போவது, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி போன்ற காரணங்களே இருக்கும் என்பதால் அஞ்சி நடுங்க வேண்டாம். ஆனால் மாதவிலக்கு நின்றபின் இந்நோய் கண்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாக அடையாளம் காட்டும் புற்றுநோய்கள் குறைவு. ஆகவே இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். உள்வழி ஸ்கேனில் உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ரத்தம் மறுபடி பட்டாலோ, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சிறிது திசுவை உறிஞ்சியெடுத்துப் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. மாதவிலக்கு வலியைப் போல அடிவயிறு சில நிமிடங்கள் பிடித்து இழுக்கும், பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இனி நீங்கள் படித்த செய்தி. கருப்பைக்குள் கிருமிகளே கிடையாது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு வந்த 31 பெண்களின் பிறப்புறுப்பு, கருப்பை, கருக்குழாய், சினைப்பை ஆகிய இடங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, அவற்றிலிருந்த பாக்டீரியாக்களை மரபணு வரிசை கொண்டு அடையாளம் கண்டு, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 17 பேருக்கு உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது. நால்வருக்குச் சவ்வு தடித்திருந்தது. 10 பேர் வேறு காரணங்களுக்காக வந்தவர்கள். அட்டோபோபியம், போர்ஃபைரோமோனஸ் என்ற இரு வகைகள் சேர்ந்து காணப்படுவதும், பிறப்புறுப்பின் பி.எச். அளவு 4.5-ஐத் தாண்டியிருப்பதும் (அதாவது அமிலத்தன்மை குறைந்திருப்பதும்) புற்றுநோயோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. போர்ஃபைரோமோனஸ் சோமரே என்ற பாக்டீரியா உட்சவ்வுப் புற்றுநோய்ச் செல்களுக்குள் நுழைய வல்லது என்பதையும் பிறகு ஆய்வகத்தில் கண்டார்கள்.

ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை பிறப்புறுப்பின் சுவரில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சேர்கிறது; அதை ஆதாரமாகக் கொண்டு வாழும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து வேண்டாத கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. மாதவிலக்கு நின்றதும் அந்த ஹார்மோன் குறைந்து, அமிலத்தன்மையும் குறைந்து, வேறு கிருமிகள் குடியேறுகின்றன. இந்தப் புற்றுநோயும் பெரும்பாலும் அந்த வயதில்தான் வருகிறது. எனவே கிருமி நோயை உண்டாக்கியதா, நோய் பக்குவப்படுத்திய நிலத்தில் கிருமி குடியேறியதா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. மேலும், கருப்பைக்குள் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், மாதிரி எடுக்கும் வழியில் ஒட்டிக்கொண்டவை எவை, உள்ளே இருந்தவை எவை என்று பிரிப்பதே பெரும்பாடு. இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணமாகிறது என்பது, அதை மருந்தால் ஒழித்தபோது புண் திரும்ப வராததால் உறுதியாயிற்று. இங்கே அந்தக் கட்டம் வரவில்லை.

ஆகவே இந்நோயைத் தடுக்கும் என்று சொல்லத்தக்க புரோபயாட்டிக் மாத்திரை எதுவும் இன்று இல்லை. இந்த ஆய்வுகளில் நான் எதிர்பார்ப்பு வைத்திருப்பது வேறொன்றில்: பஞ்சுக் குச்சியால் பெண்ணே எடுத்துத் தரும் மாதிரியிலிருந்து நோயை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் பரிசோதனை. அது வரும்வரை உறுதியாகத் தெரிந்த காரணங்களைக் கவனியுங்கள். உடற்பருமன் அவற்றில் முதன்மையானது. மாதவிலக்கு நின்ற பிறகும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கி, உட்சவ்வை ஓயாமல் வளரத் தூண்டிக்கொண்டிருக்கிறது. நீரிழிவு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் உட்கொண்டிருந்தாலோ, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்தாலோ மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிறப்புறுப்பை உட்புறம் கழுவ விற்கப்படும் திரவங்கள் நல்லவையா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்களையும் அவை சேர்த்தே அடித்துச் சென்றுவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கேள்வி: என் மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்று. அவளுக்குக் கருப்பைப் புற்றுநோய் வராதல்லவா?

பதில்: ஹெச்.பி.வி. என்ற வைரஸிடமிருந்து அந்த ஊசி காப்பது கருப்பையின் வாயை, உட்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு அந்த வைரஸ் காரணமல்ல. செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையும் கருப்பை வாய்க்கானதே. அதில் குறை இல்லை என்று வந்த சீட்டைக் காட்டி, பின்னாளில் படும் ரத்தத்தை அலட்சியம் செய்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.